நூற்று முப்பதாவது படம்

கடலூர் முதுநகரில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. தாத்தா கட்டியது இல்லை, தாத்தாவின் அப்பா கட்டியது. தெருவைப் பார்த்த திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். பெரியப்பா, அப்பா, அத்தை மூன்று பேரும் பேசி விற்றுவிடுவது என்று முடிவானபோது யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை. வாங்கினவர் இடித்துவிட்டு மாடி கட்டப்போகிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூலை விடாம போட்டோ எடுத்து வச்சிடுடா." கல்யாணம், காதுகுத்து என்று ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கப் போகிறவன் நான். எனக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனவன் மதியம் வரை எடுத்தேன். 343 படங்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை ஆள் வந்து ஓடு இறக்க ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த நாள் மாசி மகம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பையன், காலேஜ் படிக்கிறவன், புதுக் கேமரா வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். பெரிய மெமரி கார்டு ஒன்று போட்டிருந்தான். "இதுலயே எல்லாம் இருக்கட்டும்ணே, ரொம்புறப்ப பாத்துக்கலாம்" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்குச் சொல்லவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தப்பு. அந்த வியாழக்கிழமை ராத்திரியே படங்களைச் சிஸ்டத்தில் ஏற்றினேன். சோம்பல் படவில்லை, தள்ளிப்போடவில்லை. கார்டை ரீடரில் செருகினேன், டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்தேன், உள்ளே இருந்த ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து காப்பி கொடுத்தேன். முடிந்ததும் திறந்தும் பார்த்தேன். தெரு, திண்ணை, நிலைப்படியில் மஞ்சள் கறை, ரேழியில் சைக்கிள் நிறுத்திய இடத்தில் தேய்ந்த தரை. எல்லாம் வந்திருந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

உள்ளே இருந்தது ஒரு ஃபோல்டர் இல்லை, இரண்டு. கேமராக்கள் படத்துக்கு நாலு இலக்க எண்தான் கொடுக்கும். 9999 வந்தபிறகு மறுபடி 0001. அப்போது 100 என்று தொடங்கும் ஃபோல்டரை மூடிவிட்டு 101 என்று தொடங்கும் புது ஃபோல்டரைக் கேமராவே திறந்துகொள்ளும். பத்தாயிரம் படத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். அது எனக்கு அந்த வீட்டு முற்றத்தில் நடந்தது. முதல் 129 படங்கள் 100-ல் விழுந்தன. முற்றத்தைத் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்த இடத்திலிருந்து மீதி 214 படங்கள் 101-ல். நான் காப்பி எடுத்தது 100-ஐ மட்டும். திறந்து பார்த்தது முதல் நாலைந்து படத்தை. கடைசிப் படத்தைத் திறந்து பார்த்திருந்தால் கிணற்றடிக்குப் பதிலாக முற்றம் வந்து நின்றிருக்கும். அங்கேயே பிடிபட்டிருக்கும்.

தேவனாம்பட்டினத்தில்

சனிக்கிழமை விடியற்காலை கடலூரின் கடற்கரையான தேவனாம்பட்டினம் போனேன். மாசி மகத்தன்று அங்கே நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுப்பட்டு ஊர்களின் சாமிகள் எல்லாம் வரிசையாக மணலில் இறங்கும். மேளம், உடுக்கை, கற்பூரப் புகை, நனைந்த துணியோடு குழந்தைகள். கேமராவை எடுத்துப் பார்த்தால் இன்னும் 170 சொச்சம் படத்துக்குத்தான் இடம் என்று காட்டியது. பதினாறு ஜிபி கார்டு, ரா எனும் மூல ஃபைலும் ஜேபெக் எனும் சாதாரணப் படமும் சேர்த்து ஒரு படத்துக்கு ஏறக்குறைய 30 எம்பி. வீட்டுப் படங்கள்தான் பத்து ஜிபியை அடைத்துக்கொண்டிருந்தன. 'அதைத்தான் ஏத்தியாச்சே' என்று மணலில் நின்றபடியே கார்டைக் காலி செய்ய ஃபார்மட் அடித்தேன். இரண்டு வினாடி. பிறகு பத்து மணி வரை 280 படங்கள் எடுத்தேன். நல்ல படங்கள். இன்றைக்கும் அவற்றில் சிலவற்றைப் பார்த்தால் நன்றாகத்தான் எடுத்திருக்கிறேன் என்று தோன்றும்.

அடுத்த வாரம் அத்தை போன் செய்தார். "தம்பி, பூஜையறைக் கதவு போட்டோவ மட்டும் எனக்கு அனுப்புடா. அதுல என் பொறந்த நேரம் இருக்கும்."

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். கதவின் உள்பக்கம், சாத்தினால் மட்டும் தெரிகிற பக்கம், தாத்தாவின் நோட்டுப் புத்தகம். தச்சர் பென்சிலால் எழுதுவார். பிள்ளைகள் பிறந்த கிழமை, நட்சத்திரம், நாழிகை. பசு கன்று போட்ட நாள். கிணறு தூர் வாரிய கூலி. சுனாமி வந்த 26.12.2004-க்கு ஒரே ஒரு வரி. தானே புயல் கரையைக் கடந்த 30.12.2011-க்கு, எத்தனை ஓடு போயிற்று, எத்தனை புதிதாக வாங்கினது என்று கணக்கு. அதுதான் அவர் கையெழுத்தில் கடைசி. அத்தைக்கு ஜாதகம் எழுதவே இல்லை. 'கதவுலதான் இருக்கே' என்பார்கள். எழுபது வயதுவரை அத்தைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. நானும் வியாழக்கிழமை அந்தக் கதவைச் சாத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பென்சில் கோடு எழும்பித் தெரிகிற மாதிரி வரி வரியாக எடுத்தேன். பதினெட்டு படங்கள். செல்போனில் ஒன்று எடுத்திருக்கலாம். கையில் கேமரா இருக்கும்போது அது தோன்றவில்லை.

சிஸ்டத்தில் தேடினேன். முற்றத்தோடு வீடு முடிந்துவிட்டது.

கதவைத் தேடி ஓடினேன். இடிக்கிற ஒப்பந்தக்காரர் நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பழைய மரக்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் இன்னொருவருக்கு. புதுச்சேரிப் பக்கம் பழைய கதவு விற்கிற நாலைந்து இடங்களில் போய்ப் பார்த்தேன். எங்கும் கதவுகளை இழைத்து, மெருகேற்றி, புதிது போல நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கதவின் பின்பக்கமும் குனிந்து பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சிஸ்டம் ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அதுக்கப்புறம் அந்தக் கார்டுல எதாவது எடுத்தீங்களாண்ணே?" மாசி மகம் எடுத்ததோடு சரி, அதைச் சிஸ்டத்தில் ஏற்றியபிறகு தொடவில்லை என்றேன். "லாக்கைத் தள்ளிவச்சுட்டு அப்படியே எடுத்துட்டு வாங்க. கேமராவுல போடாதீங்க, நீங்களா எதையும் ட்ரை பண்ணாதீங்க." கார்டின் இடப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்குமே, அதுதான் லாக். உண்மையில் கார்டுக்குள் இருக்கிற சிப்புக்கு அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ரீடரோ கேமராவோதான் அதைப் பார்த்துவிட்டு 'எழுதக்கூடாது' என்று மரியாதை காட்டுகின்றன. ஆனாலும் தள்ளிவைப்பது நல்லது.

தம்பி முதலில் கார்டைத் தொடவில்லை. கார்டு முழுவதையும் முதல் பைட் முதல் கடைசி பைட் வரை ஒரே ஃபைலாக ஹார்ட் டிஸ்கில் படியெடுத்தார். பிறகு அந்தப் படியின் மேல்தான் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டினார். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கொடுத்திருக்கிறார். அது ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர் எதையும் நம்பாது. கார்டை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், ஒரு ஜேபெக் எப்படித் தொடங்குமோ அந்த அடையாளம் தட்டுப்படுகிற இடமெல்லாம் ஒரு படம் என்று எடுத்து வைக்கும்.

ஃபார்மட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக விளங்கியது. வீடு விற்ற நேரமாக இருந்ததால் பத்திரத்தை வைத்தே புரிந்துகொண்டேன். கார்டில் ஒரு பதிவேடு இருக்கிறது, எந்தப் படம் எந்த மனையில் இருக்கிறது என்று. ஃபார்மட் அடிக்கும்போது என் கேமரா பதிவேட்டை மட்டும்தான் வெறுமையாக்கியது. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பதிவேட்டில் பெயர் இல்லாததால் மனை காலி என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. அடுத்த படத்தைக் கொண்டுவந்து அங்கே கட்டுகிறது. அப்போதுதான் பழையது இடிகிறது. எல்லாக் கேமராவும் இப்படி இல்லை. சில கேமராக்களில் ஃபார்மட் கொடுத்தால் சிப்பையே துடைத்துவிடும், அதில் போனது போனதுதான். என்னுடையதில் துடைக்கவில்லை.

கணக்கு

ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்தது. வீட்டுப் படங்களில் 63 வந்தன. எல்லாம் கொல்லை. கிணறு, துவைக்கிற கல், முருங்கை, மாட்டுக்கொட்டகை இருந்த இடம். கூடம் இல்லை, பூஜையறை இல்லை, அடுக்களை இல்லை, மச்சு இல்லை. 151 படங்கள் போய்விட்டன. கதவின் பதினெட்டும் அதில்.

ஃபோட்டோரெக் மீட்ட படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான். அந்த எண் சும்மா போட்டதில்லை, கார்டில் அந்தப் படம் எந்த இடத்தில் தொடங்கியது என்பதற்கான எண் என்று தம்பி சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கார்டு புதிதாக ஃபார்மட் ஆனபின் முன்னாலிருந்து வரிசையாக நிரம்பும். வியாழக்கிழமை வீட்டுப் படங்கள் முன்னாலிருந்து நிரம்பின. முதலில் 129, அவை சிஸ்டத்தில் பத்திரமாக இருப்பவை. பிறகு 214, அவை கார்டில் மட்டும் இருந்தவை. சனிக்கிழமை ஃபார்மட் அடித்ததும் கடற்கரைப் படங்களும் அதே முன்பக்கத்திலிருந்து நிரம்பின. அப்படியென்றால் கடலில் எடுத்த முதல் 129 படங்களும் போய் உட்கார்ந்தது, நான் ஏற்கெனவே காப்பி எடுத்துவிட்ட திண்ணை மேலும் ரேழி மேலும். அதுவரை எதுவுமே இழக்கவில்லை. ஃபார்மட் அடித்தபிறகும், ஒரு மணி நேரம் படம் எடுத்தபிறகும், வீடு முழுசாக இருந்தது.

நூற்று முப்பதாவது படத்தில்தான் கூடம் இடிய ஆரம்பித்தது. படத்துக்குப் படம் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். ஆனால் 280-லிருந்து 129 போனால் 151, போன படங்களும் 151. எனக்கு அதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை. மாசி மகப் படங்களை வரிசையாக அடுக்கி 130-வதைத் திறந்தேன். ஒரு ஊர் அம்மன். பல்லக்கைத் தூக்கியவர்கள் முழங்கால் அளவு தண்ணீரில். அலை ஒன்று எழும்பி அம்மனின் பாவாடை நுனியைத் தொடுகிறது. நேரம் 8.47. அதன் பிறகு ஒவ்வொரு முறை நான் விரலை அழுத்தியபோதும் எங்கள் வீட்டில் ஒரு சுவர் போயிருக்கிறது. கதவு எந்தப் படத்தில் போயிருக்கும் என்று அன்றைக்கு எண்ணிப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னும் எண்ணவில்லை.

8.46-க்கு ஒருவர் வந்து தோளைத் தொட்டு டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டிருந்தால், டீக்கடையில் எனக்குச் சந்தேகம் வந்து கார்டை மாற்றியிருந்தால், எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். சட்டைப்பையில் வேறொரு காலிக் கார்டு இருந்திருந்தாலே ஃபார்மட் அடிக்கவேண்டிய அவசியம் வந்திருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது

என் வழக்கம் மாறிவிட்டது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கார்டு, கூடவே இரண்டு காலி. வெளியிடத்தில் ஃபார்மட் அடிப்பதே இல்லை. வீட்டில், மேஜை முன்னால் உட்கார்ந்து, சிஸ்டத்திலும் வெளி டிஸ்கிலும் படங்கள் இருக்கின்றன என்று பார்த்தபிறகு, கேமராவிலேயே ஃபார்மட். காப்பி முடிந்ததும் கார்டில் எத்தனை, இங்கே எத்தனை என்று எண்ணிக்கையை ஒப்பிடுவேன். டிசிஐஎம் ஃபோல்டரை முழுசாக எடுப்பேன், உள்ளே போய்ப் பொறுக்குவதில்லை. கடைசிப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். கட் செய்து ஒட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். நடுவில் கரண்ட் போனாலோ ரீடர் ஆடினாலோ அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று ஆகிவிடலாம்.

கேமராவில் எழுதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கார்டு மூடியைத் திறக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் எல்லாரும் மறப்பதும் அதைத்தான். பேட்டரி சாகிற நிலையில் 'இன்னும் ஒண்ணு' என்று எடுப்பதும் அதே மாதிரிதான். எழுதும் நடுவில் நின்றுபோனால் அந்தப் படம் மட்டுமில்லை, பதிவேடே குழம்பிவிடலாம். கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே படம் எழுதுகிற மாதிரி வையுங்கள். ஒன்று நிரம்பியதும் அடுத்தது என்று வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இடத்தைக் கூட்டுமே தவிரப் பாதுகாப்பைக் கூட்டாது.

அந்தப் பையனின் பெரிய கார்டை வாங்கிச் சோதித்தேன். விலை மலிவாக விற்கிற கார்டுகளில் போலி உண்டு. மேலே 128 என்று அச்சடித்திருக்கும், கேமராவும் 128 என்றே காட்டும், உள்ளே இருக்கும் சிப்பு 16 ஜிபியாக இருக்கும். அந்த 16 தாண்டும் வரை எந்தக் குறையும் தெரியாது. தாண்டியபிறகு எழுதுவது எல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே விழும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். சில மணி நேரம் ஆகும். புதுக் கார்டு எதையும் அந்தச் சோதனை இல்லாமல் நான் இப்போது தொடுவதில்லை. அவனுடைய கார்டு நல்ல கார்டாகவே இருந்தது. ஆனாலும் அதை ஒன்றை மட்டும் நம்பி இருக்காதே என்று இரண்டு சின்னக் கார்டுகள் வாங்கவைத்தேன்.

கார்டைப் பெட்டகமாக நினைக்கிற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிறேன். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் கவர் கவராக ஸ்டுடியோவில் இருக்கும், வேண்டும்போது போய்ப் பிரிண்ட் கேட்கலாம். அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். அந்த நெகட்டிவ்களும் நிலைக்கவில்லை. புதுச்சேரியில் செயின்ட் லூயிஸ் தெருவில் இருக்கும் ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் படிகளாக எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர்கள் மூடிப் போன இடங்களில் போய்த் தேடுகிற வேலை. அதே நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஓலை நைந்துபோகும் என்று தெரிந்துதான் அந்தக் காலத்தில் நையும் முன்பே இன்னொரு ஓலையில் படியெடுத்து எழுதினார்கள். ஒரே ஓலையை எவ்வளவு கவனமாக வைத்துக்கொண்டாலும் இத்தனை நூல் நமக்கு வந்திருக்காது. கார்டில் இருப்பதும் சின்னச் சின்னக் கூடுகளில் அடைத்து வைத்த மின்னூட்டம்தான். மின்சாரம் படாமல் வருஷக்கணக்கில் டிராயரில் கிடந்தால் மெல்லக் கசியும்.

மூன்று படி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு ஊரில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி இது. நான் மூன்றாவது படியைப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா வீட்டில், மாடியில் வைத்தேன். அந்த மாசிக்குப் பிறகு வந்த கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியில் கொட்டிய மழை ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரங்களில் நுழைந்தது. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. தானே புயலும் நடுவிலேதான் கரையேறியது. ஒரே புயலின் கைக்குள் இருக்கிற இரண்டு ஊரை வேறு ஊர் என்று சொல்ல முடியாது. டிஸ்க் நனையவில்லை. ஆனாலும் தண்ணீர் வடிந்தபின் இன்னொரு டிஸ்கைச் சேலத்தில் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். முக்கியமானவற்றை மட்டும் கிளவுடிலும் ஏற்றினேன்.

அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. கோபப்படவில்லை. 63 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிணற்றடிப் படத்தில் நிறுத்தி, ராட்டினம் எந்தப் பக்கம் கிறீச்சிடும் என்று சொன்னார். அந்த வாரமே அத்தையை வரச்சொல்லி, ஒரு நீள நோட்டு வாங்கி, இரண்டு பேரும் இப்போதைய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கதவில் மேலிருந்து கீழாக என்ன இருந்தது என்று ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினார்கள். பெரியப்பா பிறந்தது, அப்பா பிறந்தது, கிணறு வெட்டியது, லட்சுமி கன்று போட்டது. அத்தையின் வரி வந்தபோது அப்பா விடியற்காலை என்றார். இல்லை, விளக்கு வைக்கிற நேரம் என்று அம்மா சொல்லுவாங்க என்றார் அத்தை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அப்பா இரண்டையும் எழுதினார், ஒன்றன் கீழ் ஒன்றாக, பக்கத்தில் யார் சொன்னது என்று பெயரும் போட்டு. நான் அந்தப் பக்கங்களை அன்று மாலையே படம் எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, சேலத்துக்கு அனுப்பினேன்.